வியெலிச்கா: உப்புச் சுரங்கமும் உழைப்பின் சரித்திரமும்

பொன்னும் மணியும் இல்லாமல் மனிதன் வாழ்ந்துவிடலாம். உப்பில்லாமல் வாழ இயலாது. உப்பின் சரித்திரம் முழுவதும் இந்த எளிய உண்மையிலிருந்தே கிளைத்தது எனலாம். செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒருங்கே தேவைப்படும் பொருள் ஒன்றைத் தன் கைக்குள் வைத்திருப்பவன், நாட்டின் ஒவ்வோர் அடுப்பிலிருந்தும் வரி வாங்க வல்லவனாகிறான். பிரான்சிய மன்னர்கள் உப்பின்மீது விதித்திருந்த 'கபெல்' வரியைப் புரட்சி 1790 ஆம் ஆண்டில் ஒழித்தது. 1930 ஆம் ஆண்டில் தண்டியிலும் வேதாரணியத்திலும் இந்திய மக்கள் ஒரு பிடி உப்பை அள்ளி ஒரு சாம்ராச்சியத்தை எதிர்த்து நின்றனர். இரண்டும் எழுந்தது இக்காரணம் பற்றியே.

ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை என்னும் பெயர்களைக் கேட்டதும் பாத்திகளில் விளையும் வெள்ளை உப்பை நினைக்கும் நமக்கு, உப்பென்பது கடலும் வெயிலும் கூடித் தரும் பொருள். கடலுக்கு எட்டாத, வெயில் குறைந்த மத்திய ஐரோப்பாவிலோ உப்பு மண்ணின் அடியிலே கிடந்தது. அதனைப் பாறையை வெட்டுவது போல வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு வெட்டியெடுத்த இடங்களுள் உலகப் புகழ் வாய்ந்தது போலந்து நாட்டின் பழைய தலைநகரான கிராக்கோவுக்குத் தென்கிழக்கே, 15 கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிலுள்ள வியெலிச்கா. ஏறத்தாழ 700 ஆண்டுகள் இடையறாது இயங்கிய இச்சுரங்கம் இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து காணும் இவ்விடத்தில், காண வருவோர் கண்ணுக்குத் தெரிவது எது, தெரியாமற் போவது எது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

டனிலோவிச் கிணறு என வழங்கும் வாயிலின் வழியே ஏறத்தாழ 380 மரப்படிகளை இறங்கிக் கடந்தால் சுரங்கத்தின் முதல் தளத்தை அடைகிறோம். அது தரைமட்டத்திலிருந்து 64 மீற்றர் ஆழம். சுரங்கம் முழுவதும் ஒன்பது தளங்களாக 327 மீற்றர் ஆழம் வரை செல்கின்றது. அதன் பாதைகளை நீட்டி அளந்தால் 240 கிலோமீற்றருக்கும் அதிகமாகும். நாம் நடந்து காண்பது அதில் மூன்று கிலோமீற்றர் அளவேயாம். சுவரும் கூரையும் வெள்ளையாக இருக்குமென எதிர்பார்த்துச் செல்வோருக்கு முதலில் ஏமாற்றமே உண்டாகும். இவ்வுப்பு பச்சை கலந்த சாம்பல் நிறமுடையது; பார்வைக்குக் கருங்கல் போன்றது. ஒரு கோடியே முப்பது இலட்சம் ஆண்டுகள் அளவுக்கு முன்னர் அங்கு பரந்திருந்த கடலொன்று வற்றியபோது படிந்த உப்பு, பின்னர் கார்ப்பேதிய மலைத்தொடர் எழுந்தபோது மடிந்தும் நொறுங்கியும் நிலத்தடியில் ஒடுங்கிற்று.

இவ்வுப்பு எவ்வாறு வந்தது என்பதற்கு நாட்டு மக்கள் வேறொரு கதை சொல்வர். ஹங்கேரிய அரசகுமாரி கிங்கா, போலந்தின் இளவரசன் பொலெஸ்லாவை 13 ஆம் நூற்றாண்டில் மணக்க வந்தபோது, தந்தை தந்த உப்புச் சுரங்கத்தினுள் தன் மோதிரத்தை எறிந்துவிட்டு வந்தாளாம். வியெலிச்காவில் முதன்முதல் வெட்டியெடுத்த உப்புக் கட்டியை உடைத்தபோது அம்மோதிரம் அதனுள் இருந்ததாம். இக்கதையை வெறுங் கட்டுக்கதையென்று தள்ளிவிடுதல் சரியன்று. ஹங்கேரிய நாட்டில் உப்பு வெட்டும் தொழில் முன்னரே தேர்ச்சி பெற்றிருந்தது. அத்தேர்ச்சி கைவினைஞரோடு எல்லை கடந்து வந்ததன் நினைவே மோதிரமாக உருக்கொண்டிருத்தல் கூடும். ஆயினும் கதை ஒன்றை மறைத்துவிடுகிறது. கிங்கா பிறப்பதற்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே, புதிய கற்கால மக்கள் இவ்வட்டாரத்தில் உப்பூற்று நீரை மட்கலங்களிற் காய்ச்சி உப்பெடுத்தனர் என்பதை அகழ்வாராய்ச்சி காட்டியுள்ளது. ஊற்றுகள் வற்ற வற்ற அவர்தம் வழிவந்தோர் கிணறுகளை ஆழமாக்கினர். ஆழமாக்கியவர்கள் 13 ஆம் நூற்றாண்டில் பாறையுப்பை அடைந்தனர். அரசகுமாரியின் கொடையாகக் கதை சொல்வது, பெயரறியாத பல தலைமுறையினர் தோண்டித் தோண்டிக் கண்டடைந்த செல்வத்தையேயாகும்.

கண்டடைந்தவர் யாராயினும் உடைமை மன்னருக்கு உரியதாயிற்று. வியெலிச்கா உப்பும் அயலிலுள்ள பொக்னியா உப்பும் அரச ஏகபோகமாயின. 1368 ஆம் ஆண்டில் மகா கசிமியர் என்னும் மன்னர் வகுத்த சட்டம், உப்பு வெட்டுதல், விற்றல், அதிகாரிகளின் ஊதியம் ஆகிய யாவற்றையும் ஒழுங்கு செய்தது. அம்மன்னரது அரச வருமானத்தில் மூன்றிலொரு பங்கு உப்பினின்று கிடைத்ததெனக் கணிப்பர். மரத்தாலான போலந்தைப் பெற்று, கல்லாலான போலந்தை விட்டுச் சென்றவர் கசிமியர் என்பது அந்நாட்டுப் பழமொழி. அக்கல்லுக்கு விலை கொடுத்தது உப்பு என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லல் வேண்டும்.

ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நம் வாசகர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1364 ஆம் ஆண்டில் கசிமியர் கிராக்கோவில் ஒரு சர்வகலாசாலையை நிறுவினார். மத்திய ஐரோப்பாவின் மிகப் பழைய சர்வகலாசாலைகளுள் ஒன்றான அதன் பேராசிரியர்க்கு வழங்கும் வேதனத்தை வியெலிச்கா உப்பு வருமானத்திலிருந்து கொடுக்குமாறு நிறுவனப் பட்டயமே விதித்தது. 1491 ஆம் ஆண்டில் கொப்பர்னிக்கஸ் மாணவராகச் சேர்ந்ததும் அச்சர்வகலாசாலையிலேயே. சுரங்கத்திலே கொப்பர்னிக்கஸ் பெயரால் ஓர் அறையும், உப்பில் வடித்த அவரது பெருஞ்சிலையும் உண்டு. வானத்தின் ஒழுங்கைக் கண்ட கலாசாலையின் முதல் வேதனம், வானத்தையே காணாமல் உழைத்தோரின் கைகளிலிருந்து வந்தது. கல்வி எக்காலத்தும் யாரோ ஒருவரின் உழைப்பை உண்டே வளர்கின்றது. அதனை உணர்ந்த கல்வி உண்டு, உணராத கல்வியும் உண்டு.

சுரங்கத்தை நேரே நடத்தியவர் மன்னரல்லர். அவர் அதனை நிருவாகிகளிடமோ குத்தகைக்காரரிடமோ ஒப்படைத்தார். 16 ஆம் நூற்றாண்டில் ஜான் போனர், செவெரின் போனர் முதலிய கிராக்கோ வணிகச் சீமான்கள் அப்பொறுப்பைப் பெற்றனர். மன்னருக்குக் கடன் கொடுத்தவரும் அவர்களே. பிரபுக்கள் குறைந்த விலைக்கு உப்புப் பெறும் சலுகையை அடைந்திருந்தனர். நிலத்தோடு கட்டுண்டிருந்த குடியானவனுக்கு அச்சலுகை இல்லை. நிலமானிய சமுதாயத்தின் அமைப்பு முழுவதையும் ஒரு பிடி உப்பின் விலையிலே கண்டுகொள்ளலாம்.

இனி, உப்பை வெட்டியவர்களைப் பார்ப்போம். அவர்கள் சுரங்கத்துள் இறங்கிய முறையே அச்சந் தருவது. தடித்த சணற் கயிற்றிலே வளையங்களைக் கட்டி, அவ்வளையங்களில் தொங்கியவாறு பலர் ஒருசேரக் கிணற்றுள் இறக்கப்பட்டனர். கீழே மிருகக் கொழுப்பில் எரியும் சிறு விளக்கின் ஒளியில், குந்தாலியாலும் ஆப்பாலும் உப்புச் சுவரைப் பிளந்தனர். பிளந்த பெருங் கட்டிகளைப் பீப்பாய் வடிவில் செதுக்கினர். உருளை வடிவமாயின் தூக்காமல் உருட்டிச் செல்லலாம் அல்லவா? தொழிலாளி தன் முதுகைக் காத்துக்கொள்ளக் கண்ட வழி அது.

காற்றிலே கலந்து நின்ற மெதேன் வாயு அவர்தம் பெரும் பகை. இலேசான வாயுவாதலின் அது கூரையின் கீழே திரண்டு நிற்கும். விளக்குப் பட்டால் வெடிக்கும். அதனை எரித்துத் தீர்ப்பதற்கென்று தனியே ஆட்கள் இருந்தனர். நனைந்த உடையோடு தரையில் ஊர்ந்து, நீண்ட கழியின் நுனியிற் கட்டிய தீப்பந்தத்தைக் கூரையோரமாக நீட்டிச் சிறு சிறு அளவிற் சேர்ந்த வாயுவை அவர்கள் எரித்தனர். மண்டியிட்டு ஊரும் தோற்றம்பற்றி அவர்களைப் 'பாவப் பரிகாரஞ் செய்வோர்' என அழைத்தனர். அவர்கள் செய்த பாவம் யாதென நாம் கேட்டல் தகும். பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்தவர்க்குச் சமுதாயம் சூட்டிய பெயர் அது.

தீயும் நீரும் ஏனைய பகைகள். உப்பு எரியாது, ஆனால் கூரையைத் தாங்கி நின்றவை மரங்கள். 1644 ஆம் ஆண்டில் மூண்ட தீ பல மாதங்கள் அடங்காது எரிந்தது. நீரோ உப்பைக் கரைக்கும். கரைந்த இடம் சரியும். 1868 ஆம் ஆண்டில் நீர் பெருக்கெடுத்துச் சுரங்கத்தையே மூழ்கடித்துவிடுமென அஞ்சும் நிலை ஏற்பட்டது. வெட்டிய வெற்றிடங்களில் பருத்த மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வீடொன்று கட்டுவதுபோல் எழுப்பிய முட்டுகளை இன்றும் காண்கிறோம். விளக்கொளி சிறிதாயினும் பட்டுத் தெரியும்படி அவற்றுக்கு வெள்ளை பூசியுள்ளனர். உப்பேறிய மரம் நூற்றாண்டுகள் கடந்தும் உளுத்துப் போகவில்லை. கொத்தர் கட்டிய கோபுரங்களுக்கு எவ்வகையிலும் குறையாத இத்தச்சு வேலை, அழகுக்காக எழுந்ததன்று. நாளைக்கும் உயிரோடு மேலேறி வருவதற்காக எழுந்தது.

மனிதனோடு குதிரையும் உழைத்தது. கிணறுகள் ஆழமாகியபோது மனிதர் கையாற் சுழற்றிய கப்பிகள் போதாவாயின. 16 ஆம் நூற்றாண்டு தொட்டுக் குதிரைகளைச் சுரங்கத்துள் இறக்கி, நம்மூர்ச் செக்கைச் சுற்றும் மாடுகளைப்போல், பெரும் மரச் சக்கரங்களைச் சுற்றச் செய்தனர். அவற்றுக்குத் தொழுவமும் நிலத்தடியிலேயே அமைந்தது. பல குதிரைகள் பின்னர் பகலொளியைக் காணவில்லை. பின்னாளில் நீராவியும் மின்சாரமும் வந்தபோதும் குதிரைகள் முற்றாக மறையவில்லை. கடைசிக் குதிரையான பாஷ்கா மேலே வந்தது 2002 ஆம் ஆண்டிலேயே.

இத்தகைய இருளில் உழைத்தவர்கள் கலையையும் படைத்தனர் என்பதே வியெலிச்காவின் பெருஞ் சிறப்பு. அங்குள்ள சிற்பங்களிற் பெரும்பாலானவற்றைச் செதுக்கியோர் சுரங்கத் தொழிலாளரே. 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த அந்தோனியார் சிற்றாலயத்தின் உருவங்கள், கிணற்று வழியே வந்த ஈரக் காற்றினால் முகங் கரைந்து நிற்கின்றன. 101 மீற்றர் ஆழத்திலுள்ள கிங்காவின் ஆலயமோ 54 மீற்றர் நீளமான மண்டபம். தரை, படிக்கட்டு, பலிபீடம் யாவும் உப்பு. கூரையிலே தொங்கும் விளக்குக் கொத்துகளும் உப்புப் பளிங்கு. 1896 ஆம் ஆண்டில் ஜோசப் மர்க்கொவ்ஸ்கி என்னும் தொழிலாளி தொடங்கிய வேலையை அவர் தம்பி தோமஸ் தொடர்ந்தார்; பின்னர் அந்தோனி விரோதெக் 1960 களின் தொடக்கம்வரை செய்து முடித்தார். கலைக்கூடம் எதிலும் பயின்று பட்டம் பெற்றவரல்லர் இவர்கள். பகலிற் பாறையைப் பிளந்த கையே உப்பின் இழையையும் வெடிப்பையும் நன்கறியும். உழைப்பும் கலையும் ஒரே வேரினின்று எழுவன என்று ஏட்டிலே படிக்கின்றோம். இங்கு அதனைச் சுவரிலே காண்கிறோம்.

இவ்வுருவங்கள் பெரும்பாலும் சமயம் சார்ந்தவை. அதுகண்டு முகஞ் சுளிப்பது முற்போக்கு ஆகாது. கயிற்றில் தொங்கி இறங்கியவனுக்குக் கிங்காவே கதி. தாம் வெட்டிய இருண்ட பள்ளத்தைத் தமது மனிதத் தன்மைக்கு உகந்த இடமாக மாற்ற அவர்கள் முயன்றதன் அடையாளமாகவே அவ்வாலயத்தை நாம் மதித்தல் வேண்டும்.

1772 ஆம் ஆண்டில் போலந்து முதன்முறை பங்கிடப்பட்டபோது வியெலிச்காவை அவுஸ்திரியப் பேரரசு கைப்பற்றியது. உப்பை இழந்த போலந்து, தன் கருவூலத்தின் ஒரு பெருந் தூணை இழந்தது. 1918 வரை சுரங்கம் வியன்னாவுக்கே பொருள் ஈட்டிக் கொடுத்தது. அக்காலத்திலேயே காட்சி காண வருவோருக்கு இடம் சிறப்பாகத் திறந்துவிடப்பட்டது. விருந்தினரின் பெயர்களைப் பதிய ஏடு வைக்கப்பட்டது. 1790 ஆம் ஆண்டில் ஜேர்மன் மகாகவி கதே வந்து பார்த்தார். சீமான்களும் சீமாட்டிகளும் இறங்கி வந்து, விளக்கேற்றிய உப்பு மண்டபங்களில் இசை கேட்டனர். வந்து போனவர்களின் பெயர்கள் ஏட்டில் நிலைத்தன. வெட்டியவர்களுள் மிகப் பலரின் பெயர்கள் எங்கும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டு இன்னொரு கொடிய அத்தியாயத்தை எழுதியது. 1939 நவம்பரில் நாசிகள் கிராக்கோ சர்வகலாசாலைப் பேராசிரியர்களை ஒரே நாளில் கைது செய்து வதைமுகாமுக்கு அனுப்பினர், கலாசாலையை மூடினர். 1942 ஆகஸ்டில் வியெலிச்காவின் யூத மக்களைத் திரட்டி, பெல்செக் கொலை முகாமுக்குக் கொண்டுசென்றனர். 1944 இல், குண்டுவீச்சுக்கு எட்டாத இடந் தேடிய ஜேர்மனியர் சுரங்கத்துள்ளே விமானத் தொழிற்சாலையொன்றை அமைக்கத் துணிந்து, பிளாஷோவ் முதலிய முகாம்களிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட யூதக் கைதிகளை அங்கு கொணர்ந்தனர். தொழிற்சாலை இயங்கத் தொடங்கவேயில்லை. செஞ்சேனை நெருங்கிவர, இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு கைதிகளை வேறு முகாம்களுக்கு ஓட்டிச் சென்றனர். வியெலிச்கா உழைப்பின் சரித்திரத்தில், ஊதியமும் பெயரும் உயிரும் ஒருங்கே பறிக்கப்பட்ட இவர்களுக்கும் இடமுண்டு.

போருக்குப் பின் தொழில் மீண்டும் தொடங்கியபோது, கைவிடப்பட்ட பாதைகளிலே பழைய மரப்பொறிகள் சிதைந்து கிடந்தன. அவற்றின் மதிப்பை உணர்ந்தவர் அல்போன்ஸ் டுவூகோஷ் (1902–1975) என்னும் ஓவியரும் ஆசிரியருமாவார். அவர் இருண்ட பாதைகளில் அலைந்து திரிந்து, சக்கரங்களையும் கப்பிகளையும் கயிறுகளையும் விளக்குகளையும் தேடிச் சேர்த்தார். அம்முயற்சியின் பயனாக 1951 ஆம் ஆண்டில் கிராக்கோ உப்பளங்களின் நூதனசாலை தோன்றிற்று. நிலத்தின் கீழ் 135 மீற்றர் ஆழத்திலுள்ள மூன்றாந் தளத்தில் அதன் அறைகள் அமைந்துள்ளன. குதிரைகள் சுழற்றிய மாபெரும் பொறிகள் அங்கே முழு உருவில் நிற்கின்றன. சுவீடன் நாட்டவரான மார்ட்டின் ஜேர்மன் 17 ஆம் நூற்றாண்டில் அளந்து வரைந்த படங்களும், அவற்றைக் கொண்டு வில்லெம் ஹொந்தியஸ் 1645 இல் செதுக்கி அச்சிட்ட சித்திரங்களும் சுரங்க வாழ்வை அறிய உதவும் அரிய சான்றுகளாகும். கயிற்றில் தொங்கி இறங்கும் மனிதரை அச்சித்திரங்களிலேயே நாம் காண்கிறோம்.

மன்னர்களின் முடியையும் வாளையும் காத்துவைக்கும் நூதனசாலைகள் உலகெங்கும் உள. தொழிலாளியின் கப்பியையும் கயிற்றையும் அதே மரியாதையோடு காத்துவைப்பவை சிலவே. டுவூகோஷ் செய்த பணியின் பெருமை இதுவேயாகும். ஆயின் இங்கேயே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். வருவோர் பொதுவாகச் செல்லும் சுற்றுலாப் பாதை முடிந்த பின்னர், விரும்பியவர் மட்டும் தொடர்ந்து காணும் பகுதியாக நூதனசாலை அமைந்துள்ளது. நடந்து களைத்த பலர் கிங்காவின் விளக்குக் கொத்துகளைப் பார்த்த மகிழ்ச்சியோடு மின்தூக்கியிலேறி மேலே வந்துவிடுகின்றனர். சிற்பத்தைக் கண்டு, சிற்பியின் சுமையைக் காணாமல் திரும்புவது அரைச் சரித்திரத்தோடு திரும்புவதாகும்.

யுனெஸ்கோ நிறுவனம் 1978 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலைத் தொடங்கியபோது முதன்முதல் இடம்பெற்ற பன்னிரண்டனுள் வியெலிச்காவும் ஒன்று. 1989 இல் அது ஆபத்துக்குள்ளான இடமென அறிவிக்கப்பட்டது. எண்ணற்ற பார்வையாளரின் மூச்சும் வெளிக்காற்றின் ஈரமும் சிற்பங்களைக் கரைத்துக்கொண்டிருந்தன. காற்றின் ஈரத்தைப் போக்கும் பொறிகள் அமைத்த பின்னர், 1998 இல் அவ்வறிவிப்பு நீக்கப்பட்டது. இதற்கிடையில் 1992 ஏப்ரலில் மினா என்னும் பாதையில் நீர் பாய்ந்து மண்ணை அரித்துச் சென்றது. மேலே நிலம் தாழ்ந்தது, புகையிரதப் பாதை கோணிற்று. பாறையுப்பு வெட்டுதல் 1964 இலேயே நின்றிருந்தது. உப்புநீரிலிருந்து உப்பெடுக்கும் தொழிலும் 1996 இல் நிறுத்தப்பட்டது. 2013 இல் பொக்னியாச் சுரங்கமும் மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது.

தொழில் நின்றதே தவிர உழைப்பு நிற்கவில்லை. இன்றும் நூற்றுக்கணக்கான சுரங்கத் தொழிலாளர் அங்கே இறங்குகின்றனர். ஊறிவரும் நீரைச் சேர்த்து வெளியேற்றுகின்றனர். தளர்ந்த கூரைக்கு முட்டுக் கொடுக்கின்றனர். காக்க இயலாத வெற்றிடங்களை மணலால் நிரப்புகின்றனர். முன்னோர் உப்பை எடுத்தனர். இவர்கள் முன்னோர் விட்டுச் சென்ற வெளியைக் காக்கின்றனர். ஒரு நாள் இவர்கள் கைவிட்டால் நீர் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

கல்லிலே வடித்தது நிலைக்கும், நீரிலே எழுதியது அழியும் என்பர். உப்பிலே வடித்ததோ, காப்பவர் உள்ளவரை நிலைக்கும். உழைக்கும் மக்களின் சரித்திரமும் அத்தகையதே. மன்னர்களின் சரித்திரத்தைக் காக்கச் செப்பேடும் கல்வெட்டும் உண்டு. உழைத்தவரின் சரித்திரம் தேய்ந்த கருவியிலும், கருகிய விளக்கிலும், கயிறு அறுத்த மரத்தடத்திலும் தங்கியிருக்கின்றது. அதனைத் தேடி எடுத்து, படித்து, இளந் தலைமுறைக்குச் சொல்லும் பணி பெரும் பண்டிதர்களை எதிர்பார்த்து நிற்பதன்று. வியெலிச்காவில் அதனை ஓர் ஆசிரியர் செய்தார். நம் ஊர்களின் உப்பளங்களிலும் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் பழைய கருவிகள் துருப்பிடித்தும் உளுத்தும் போகின்றன. அவற்றைக் கையாண்ட முதியோரின் நினைவுகளும் ஆண்டுக்காண்டு குறைகின்றன. நம் பாடசாலை மாணவர் ஒவ்வொருவரும் அத்தகைய கருவி ஒன்றின் பெயரையும், அதைப் பிடித்த கையின் கதையையும் கேட்டு எழுதுவாராயின், அதுவே நம் நாட்டின் மெய்யான சரித்திரத்துக்கு முதல் ஏடாக அமையும்.